பெயரைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊக்கமூட்டும் விதத்தில் இருக்கட்டும் என்று அடியில் ஒரு வரி வேறு. ஊக்கத்துக்கு அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். இத்தனை வருட வேலையில் என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பிழை. அதைத்தான் தர முடியும். கருவியை எப்படித் திறப்பது, எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்பதெல்லாம் உங்கள் கைந்நூலில் இருக்கிறது. அதை எழுதியவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்து வாசித்தாலும் விளங்க வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த பீக்கன், அதாவது விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலி நிலையம், நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடையில், பெரிய வீதியிலிருந்து கடல் பக்கமாக மணலுக்குள் இருந்தது. ஓர் உயரமான கம்பம், அதன் அடியில் ஓர் அறைக் கட்டடம், அதற்குள் நான். கம்பத்திலிருந்து வானொலி அலை எல்லாத் திசையிலும் போகும். விமானத்தில் இருக்கும் ஒரு முள் அந்த அலை வரும் திசையைக் காட்டும். விமானம் பீக்கனுக்கு மேலாகக் கடந்தவுடன் முள் பின்பக்கம் திரும்பிவிடும். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வருகிற விமானிக்கு, கடற்கரை வந்துவிட்டது, இனிக் கடலுக்கு மேலே இறங்கி வடக்கே ஓடுபாதைக்குத் திரும்பலாம் என்று சொல்வது அந்த முள்தான். அது எங்கள் பீக்கன்தான் என்று அவருக்குத் தெரிவதற்காக மூன்று எழுத்து மோர்ஸ் ஒலியில் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும். அதை நாங்கள் பீக்கனின் பெயர் என்போம். விமானி காதில் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் கண்ணால் முள்ளைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் முள் கெட்டுப்போனால் சிவப்பு விளக்கெல்லாம் எரியாது.

விண்ணிலிருந்து வழிகாட்டும் செய்மதி இருக்கும்போது இந்தக் கம்பம் எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி. செய்மதி வேலை செய்கிற நாளில் எங்களை யாரும் தேடுவதில்லை. தேடுவது மற்ற நாளில்.

இந்த வேலையில் கருவியைவிட முதலில் பழக வேண்டியது தனிமை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். உங்களை நம்பி வருகிறவரை நீங்கள் பார்க்கப் போவதில்லை. அவரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காத ஒரு நாளுக்காக யாரும் வந்து கைகொடுப்பதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கே நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. நிலையத்துக்குத் திரும்பும் சந்தியில் கடை வைத்திருந்த, வயதில் மூத்த ராத்தா ஒருவர் ஒருநாள் என்னை மறித்தார்.

"தம்பி, உங்கட டவர் இவ்வளவு கிட்ட இரிக்கி. எங்கட போனுக்கு ஏன் ஒரு கோடுதான் வருகுது?"

"அது போன் டவர் இல்ல ராத்தா. பிளேனுக்கு."

அவர் கையை நெற்றிக்கு வைத்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். நல்ல தெளிந்த வானம். ஒரு காகம் போனது.

"பிளேன் எங்க தம்பி?" என்று கேட்டார். தேயிலைப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

உண்மையில் எங்கள் கம்பத்தால் தனக்குப் பயன் என்று நேரில் சொன்ன ஒரே மனிதர் ஒலுவில் மீனவர் ஒருவர். கம்பத்துக்குப் புதுச் சாயம் பூசிய மாதம் வந்து சண்டை பிடித்தார். கம்பத்தையும் பள்ளி மினாராவையும் ஒரே நேராகப் பிடித்தால் கடலுக்குள் அவர் வலை போடும் பார், அந்தக் கடலடிப் பாறை, அகப்படுமாம். பழைய சாயம்தான் தூரத்துக்குத் தெரியுமாம். மன்னிப்புக் கேட்டேன். ஒரு பை சூடை மீனைத் தந்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் என் பொதுமக்கள் தொடர்பு.

மற்றபடி என்னோடு கதைத்த குரல் ஒன்றுதான். ஓடுபாதையின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், நாங்கள் டவர் என்று சொல்லும் இடத்தில், இருந்த பெண் அதிகாரி. மிஸ் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார். மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு நான் தொலைபேசியில் அழைத்து பீக்கன் எப்படி இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும்.

"நோர்மல் மிஸ்."

"சரி நானா."

இவ்வளவுதான். சில நாள் மழை, சில நாள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை என்று இரண்டு வார்த்தை கூடும். அவர் முகத்தை நான் கண்டதில்லை. ஆனால் அவருக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். பதினொரு வருடம் அப்படியே போனது.

இனி எனக்கு முன்னால் அங்கே இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைதீவுக்காரர். ஓய்வுபெறுவதற்கு முன் ஒரு மாதம் என்னோடு இருந்தார். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் திட்டுவார். வந்த இரண்டாம் நாள் கருவிப் பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைக்கப் போனேன். வெறும் தூசிதான். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"பேரைக் கழட்டினியா?"

"ஐயா, நான் தூசிதான் தட்டுறன்."

"தூசி தட்டினாலும் சரி, கண்ணாடி துடைச்சாலும் சரி. முதல்ல டவருக்குச் சொல்லு. பிறகு பேரைக் கழட்டு. அதுக்குப் பிறகு கைய வை."

பெயரைக் கழற்றுவது என்றால் மோர்ஸ் ஒலியை மட்டும் நிறுத்துவது. அலை போய்க்கொண்டிருக்கும், முள்ளும் எதையாவது காட்டும். ஆனால் பெயர் கேட்காது. பெயர் கேட்காத பீக்கனை எந்த விமானியும் நம்பக்கூடாது. உலகம் முழுக்க அதுதான் சட்டம். சட்டம் எனக்கும் தெரியும், தூசிக்கெல்லாம் அது எதற்கு என்பதுதான் என் கேள்வி. கேட்டேன்.

"முள்ளுக்கு வெட்கம் கிடையாது தம்பி," என்றார். "நம்மளைக் காணேல்லையெண்டா பக்கத்தில இடி முழங்குற மேகத்தைக் காட்டும். அதையும் நேராக் காட்டும், ஆடாமக் காட்டும். அந்த மனிசனுக்கு என்ன தெரியும்? பேர் கேக்குது, முள் காட்டுது, வருவான். அப்ப பேருக்கு நீதான் பொறுப்பு."

மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போனபின் தூசிக்கெல்லாம் பெயரைக் கழற்றுவதை விட்டுவிட்டேன். பெரிய வேலைகளுக்கு மட்டும் கழற்றினேன். வருடங்கள் போகப் போக எது பெரிய வேலை என்பதையும் நானே தீர்மானிக்கத் தொடங்கினேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை.

பல மாதம் மழை இல்லாமல் இருந்து, மாரி தொடங்கும் நேரம். கடற்கரையில் வேலை செய்கிறவர்கள் கவனியுங்கள், எங்களுக்குக் கஷ்டமான காலம் பெருமழைக் காலம் அல்ல, முதல் தூறல்தான். வெயில் காலம் முழுக்கக் கடற்காற்று கம்பத்தின் அடியில், மின்சாரம் மண்ணுக்குள் போகாமல் தடுக்கும் பெரிய பீங்கானில் உப்பைப் பூசி வைத்திருக்கும். காய்ந்திருக்கும்வரை உப்பு ஒன்றும் செய்யாது. தூறல் பட்டால் ஈரமாகி, மேலே போக வேண்டிய சக்தியை மண்ணுக்குள் இழுத்துவிடும். அலை மெலிந்துபோகும். அப்படி மெலிந்தால் பீக்கனைத் தானாகவே நிறுத்திவிடுவதற்கு மொனிட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது எப்போதும் எங்கள் அலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால் தயவுதாட்சணியம் இல்லாமல் வெட்டிவிடும்.

அன்று காலையிலிருந்து நாலு தடவை வெட்டியது. தூறல் வரும், வெட்டும். வெயில் வரும், நான் மறுபடி போடுவேன். நாலாவது தடவை மிஸ் அழைத்தார்.

"நானா, என்ன இண்டைக்கு நிண்டு நிண்டு போகுது?"

"உப்பு மிஸ். கழுவினாச் சரியாயிரும்."

"பின்னேரம் சின்னப் பிளேன் ஒண்டு வருகுது. பாத்துக்கொள்ளுங்க."

செய்ய வேண்டியது என்ன என்று உங்களுக்கே தெரியும். பெயரைக் கழற்றி, பீக்கனை நிறுத்தி, பீங்கானை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். அரை மணித்தியால வேலை. ஆனால் ஜும்ஆத் தொழுகைக்கு நேரம் நெருங்கிவிட்டது. தவிர அந்த வருடம் என் பீக்கன் ஒரு தடவைகூடச் சேவையிலிருந்து விலகியதாக அறிக்கையில் இல்லை. தானாக வெட்டுவது கணக்கில் வராது. நானாகப் பெயரைக் கழற்றினால் வரும். வருட முடிவில் பாராட்டுக் கடிதம் ஒன்று வருவதுண்டு. முந்தின வருடங்களின் கடிதங்களைக் கண்ணாடி போட்டு அறையில் மாட்டியிருந்தேன். பார்க்க யாரும் வராத அறையில்.

ஆகவே மொனிட்டரை பைபாஸில் போட்டேன். பைபாஸ் என்றால் அந்தப் பெட்டி கேட்கும், ஆனால் வெட்டமுடியாது. தொழுதுவிட்டு வந்து கழுவலாம், அதுவரை தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன். டவருக்குச் சொல்லவில்லை. பெயரையும் கழற்றவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போனேன்.

அன்று இமாம், நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் அமானிதத்தைப் பற்றி குத்பாப் பிரசங்கம் ஓதினார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் பேசியது நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது பற்றி. பாதியில் தகட்டுக் கூரையில் மழை விழுந்தது. தூறல் அல்ல, நல்ல மழை. மேற்கே இடி முழங்கியது. எழுந்து போயிருக்கலாம். சுற்றிலும் எனக்குத் தெரிந்தவர்கள், குத்பா நடுவில் எழுந்து போனால் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். பிளேன் பின்னேரம்தானே என்று மனதுக்குச் சொன்னேன். தொழுகை முடிந்து சலாம் கொடுத்த கையோடு, அதன்பின் தொழும் சுன்னத்துக்கு நிற்காமல் புறப்பட்டேன்.

நிலையத்துக் கதவுக்கு வெளியிலேயே தொலைபேசி அடிப்பது கேட்டது. பூட்டைத் திறந்து, நனைந்தபடி ஓடிப்போய் எடுத்தேன்.

"நானா, பீக்கன் நோர்மலா? அந்தப் பிளேன் முந்தி வந்திட்டுது. உங்களைக் கடந்திட்டன் எண்டு சொல்லுது. நான் போட்ட கணக்குக்கு அது ஏழு நிமிசம் முந்தி."

"நோர்மல் மிஸ்."

"அப்ப பின்காத்துத் தள்ளியிருக்கும். சரி நானா."

வைத்துவிட்டார். நானும் வைத்தேன். முகத்தைத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன்.

சக்தி காற்பங்குக்கும் கீழே கிடந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கு முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். மீட்டர் எனக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தது. பதினொரு வருடம் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, கேள்வி காதில் விழுந்ததும் பதில் வாயால் போய்விட்டது.

நடந்தது எனக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. என் அலை மெலிந்து போயிருக்கிறது. மேற்கே மலைகளுக்கு மேலே இடிமேகம் நிற்கிறது. விமானத்தின் முள் என்னை விட்டுவிட்டு மேகத்தைப் பிடித்திருக்கிறது. விமானம் மேகத்தைத் தாண்டியதும் முள் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. காதில் மெல்லியதாக என் பெயர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பீக்கனைக் கடந்துவிட்டேன், கீழே கடல் என்று அந்த விமானி நினைக்கிறார். கீழே மலை. நான் நோர்மல் என்று சொன்னதால் மிஸ் இறங்கச் சொல்லியிருப்பார்.

டவருக்கு அழைத்தேன். லைன் பிசி. வைத்துவிட்டு மறுபடி அழைத்தேன். பிசி. அவர் பக்கத்து நிலையத்துக்கு விமானம் முந்தி வந்ததை அறிவித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் விமானியோடு பேச வானொலி இல்லை. பீக்கன்காரனுக்கு அது கொடுப்பதில்லை. இன்னொரு வழி மனதில் வந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சக்தியைக் கூட்டும் திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொஞ்சம் கூட்டிவிட்டால் முள் தானாக என் பக்கம் திரும்பக்கூடும். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். ஆனால் முள் திடீரென்று முன்பக்கம் பாய்ந்தால் அவர் எதை நம்புவார்? முதலில் காட்டியதையா, இப்போது காட்டுவதையா? யோசிக்கிற அந்த அரை நிமிடமும் அவர் இறங்கிக்கொண்டிருப்பார்.

பெயரைக் கழற்றினேன். மற்றக் கையால் பீக்கனை முழுதாக நிறுத்தினேன்.

அந்த மனிதரிடம் என்னை நம்பாதே என்று சொல்வதற்கு எனக்கிருந்த ஒரே வழி அதுதான். அவர் காதில் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஒழுங்கான விமானியாக இருக்க வேண்டும். சோம்பேறியாக இருந்து, ஒலி இரைச்சலாக இருக்கிறது என்று குறைத்து வைத்திருந்தால் எல்லாம் முடிந்தது. முகம் தெரியாத ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று, என் வேலையைச் சரியாகச் செய்யாத நான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு தனியாக அதற்கு முன் நான் இருந்ததில்லை.

தொலைபேசி அடித்தது.

"நானா, பேர் நிண்டிட்டுது எண்டு பிளேன் சொல்லுது. என்ன நடந்த?"

"ஏத்துங்க மிஸ்! உடன ஏத்துங்க. அவர் என்னைக் கடக்கல்ல. இன்னும் மலைக்கு மேலதான்."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வானொலியில் அவர் ஆங்கிலத்தில் பேசுவது எனக்குக் கேட்டது. பதற்றமே இல்லாத குரல். ஏறு, கிழக்கே திரும்பு, கடலுக்கு மேலே போய்ச் சுற்று. பிறகு என்னிடம் வந்தார்.

"ஏறுறார்."

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவரே தொடர்ந்தார்.

"நோர்மல் எண்டு சொன்னீங்களே நானா."

"பாக்காமச் சொன்னன் மிஸ். மொனிட்டரை பைபாஸ்ல போட்டிட்டு ஜும்ஆவுக்குப் போனன். பிழை என்ட."

"எவ்வளவு நேரம் வேணும்?"

எனக்குப் பத்து நிமிடம் என்று சொல்ல ஆசை. அவருக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை இருந்திருக்கும். மிஸ் சொன்னபடி, விமானத்தின் செய்மதிக் கருவி அன்று காலையிலேயே பழுதாம், முக்கால் மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய் இருக்கிறதாம். கேட்கிறவருக்குப் பிடித்த நேரத்தைச் சொல்லாதீர்கள். அவர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

"அரை மணித்தியாலம்," என்றேன்.

பெருமழை பீங்கானின் மேற்பக்கத்தைக் கழுவியிருந்தது, மடிப்புகளுக்குள் இருந்த உப்பை நனைத்து மட்டும் வைத்திருந்தது. தண்ணீர்ப் போத்தலும் துணியுமாகப் போய், ஒவ்வொரு மடிப்பாகக் கழுவினேன். துணி போதவில்லை. ஜும்ஆவுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். மேலே மழை படாமல் ஒரு தகட்டைச் சாத்தினேன். இடி முழங்கும்போது கம்பத்தின் அடியில் நிற்கக்கூடாது. நான் நின்றேன். அதில் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

உள்ளே வந்து பீக்கனைப் பெயரில்லாமல் போட்டேன். மீட்டர் நிமிர்ந்தது. மொனிட்டரை பைபாஸிலிருந்து எடுத்தேன். இனி அது வெட்டாமல் ஐந்து நிமிடம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைபேசி இணைப்பை வெட்டாமல் மேசையில் வைத்திருந்தேன்.

"நானா, அரை மணித்தியாலம் ஆகுது. பேரைப் போடலாமா?"

"இன்னும் இல்ல மிஸ்."

"எண்ணெய் குறையுது."

"தெரியும் மிஸ். ரெண்டு நிமிசம். இந்த முறை பாத்திட்டுச் சொல்றன்."

அந்த இரண்டு நிமிடமும் மொனிட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தபடி இருந்தேன். வேறு எங்கும் பார்க்கவில்லை. அணையவில்லை. பெயரைப் போட்டேன். மூன்று எழுத்து. அறைக்குள் ஒலித்தது. மறுமுனையில் மிஸ் மூச்சு விட்டது கேட்டது.

கொஞ்சத்தில் கடல் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. சட்டை இல்லாமல் வெளியே ஓடினேன். மேகம் தலைக்கு மேலே தாழ்ந்து கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் என் கம்பத்துக்கு நேர் மேலாகக் கடந்து வடக்கே போனது. மணலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சத்தம் போட்டு அழுதேன். கேட்க அங்கே யாரும் இல்லை.

விமானியையும் சேர்த்து ஆறு பேர் பத்திரமாக இறங்கினார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. மலைக்கும் அவர்களுக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று விசாரணையில் ஓர் எண்ணைச் சொன்னார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சட்டை எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பிளேன்ல வந்தவங்களுக்கு இது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் டவர் மிஸ்ஸுக்கும்."

"அல்லாஹ்வுக்கும்," என்றார். "நாளைக்குப் போய் உள்ளபடி எழுதுங்க. இப்ப சாப்பிடுங்க."

எழுதினேன். பைபாஸ், ஜும்ஆ, நோர்மல் என்று சொன்னது, எல்லாம். பதவி உயர்வை நிறுத்தினார்கள். அது நியாயம், அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. எனக்கு வலித்தது வேறு. டவருக்கு வரும் அழைப்புகள் பதிவாகும். விசாரணை அறையில் அந்தப் பதிவைப் போட்டார்கள். நோர்மல் மிஸ் என்று என் குரல் சொன்னது. எவ்வளவு நிதானமான குரல் தெரியுமா? கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை. அந்தக் குரலை நானே நம்பியிருப்பேன்.

மிஸ்ஸை அன்றுதான் முதல்முறை நேரில் கண்டேன். நினைத்ததைவிடக் கட்டையான ஆள், மூக்குக்கண்ணாடி. விறாந்தையில் எதிரெதிரே நின்றோம். "சுகமா நானா?" என்றார். "சுகம் மிஸ்," என்றேன். அவ்வளவுதான்.

விசாரணைக்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அழைத்தேன்.

"நோர்மல் மிஸ்."

அவர் சரி என்று சொல்லவில்லை. "பாத்திட்டா சொல்றீங்க நானா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டார். அதற்கு அடுத்த நாளும் கேட்டார். நான் ஓய்வுபெறும்வரை, வேலைக்குப் போன ஒவ்வொரு காலையும் கேட்டார். முதல் வருடம் எனக்கு அது சாட்டையடி. பாதி வழியில் பழகிப்போனது. கடைசி வருடங்களில் அந்தக் கேள்விக்காகவே எட்டு மணி எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஒரு மனிதன் சொல்வதை அப்படியே நம்பாமல், திரும்பிப் பார்க்க வைக்கிற ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் விளங்கியது. உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும். வாய்த்தால் கோபப்படாதீர்கள்.

ஓய்வுபெற்ற அடுத்த வருடம் மனைவி, என் மகனின் உம்மா, மௌத்தானார்; அடக்கம் செய்துவிட்டு வந்தபின் வீட்டில் நான் மட்டும். மகன் கத்தாரில் இருக்கிறான். குறை சொல்லக்கூடாது, நல்ல பிள்ளை. கிழமைக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தவறாமல் அழைப்பான்.

"வாப்பா, எப்படி இரிக்கீங்க?"

"நல்லா இரிக்கன் மகன்."

"மருந்து குடிக்கிறீங்களா?"

"ஓம் மகன்."

வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் அவனுக்கு, வைத்துவிடுவான். மூன்று வருடமாக இதே கேள்வி, இதே பதில். இந்தப் பக்கங்களை எழுதத் தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவன் அழைத்தான். எப்படி இரிக்கீங்க வாப்பா என்றான். என் வாய் திறந்துவிட்டது, பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"பொறுங்க மகன்," என்றேன். "பாத்திட்டுச் சொல்றன்."

அவனுக்கு விளங்கவில்லை. "என்னத்தப் பாக்கிறீங்க வாப்பா?" என்று சிரித்தான். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம் சமைத்த சோறு சட்டியில் அப்படியே இருந்தது.

"நல்லா இல்ல மகன்," என்றேன். "தனியாக் கிடக்கன். ஒண்டும் செய்ய ஏலாம இரிக்கி."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பின்னால் யாரோ அவனை அறபியில் கூப்பிடுவது கேட்டது. அவன் போகவில்லை.

"எத்தனை நாளா வாப்பா?"

"உம்மா மௌத்தான நாளையிலிருந்து," என்றேன்.